திருச்சி விமான நிலையத்தை யார் நடத்துவது: பட்டுக்கோட்டையிலிருந்து எங்கள் நிலைப்பாடு

பட்டுக்கோட்டை வட்டாரத்து வணிகர்களும் தென்னை விவசாயிகளும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்தாரும் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. திருச்சி விமான நிலையத்தைத் தனியாரிடம் நீண்ட காலக் குத்தகைக்கு விடக் கூடாது என்பது எங்கள் முடிவு. தில்லியில் உட்கார்ந்துகொண்டு இந்திய விமான நிலைய ஆணையம் மட்டுமே அதை நடத்துவதும் போதாது. மத்திய அரசு, தமிழ்நாடு அரசு, திருச்சி மாநகராட்சி, டெல்டா மக்கள் என நான்கு தரப்பும் பங்கு வைத்திருக்கும் ஒரு பொது நிறுவனம் அதை நடத்த வேண்டும்.

திருச்சி விவகாரத்தில் பட்டுக்கோட்டைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அதிராம்பட்டினம், மதுக்கூர், முத்துப்பேட்டை, பேராவூரணிப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று எங்கே போனாலும் ஒரத்தநாடு, தஞ்சாவூர் தாண்டித் திருச்சிக்கு வேன் பிடிப்பதுதான் வழக்கம். தஞ்சாவூரிலும் ஓடுபாதை இருக்கிறது. ஆனால் 2013 மே மாதம் முதல் அது விமானப்படைத் தளம். 2020 ஜனவரியில் சுகோய் விமான அணியும் அங்கே வந்து சேர்ந்தது. பயணிகள் சேவை வரும் வரும் என்று பேச்சுதான் நடக்கிறது. ஆக, இப்போதைக்கு டெல்டாவின் வாசல் திருச்சிதான்.

அந்த வாசல் குத்தகைப் பட்டியலில் இருக்கிறது. 2021இல் விமான நிலைய ஆணையம் தனியாருக்கு விட முடிவெடுத்த 13 நிலையங்களில் திருச்சியும் ஒன்று. பெரியவை ஆறு, சிறியவை ஏழு. பெரியதோடு சிறியதைச் சேர்த்துக் கட்டி ஏலம் விடுவது திட்டம். அதற்குப் பிறகுதான் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தார். பொதுப் பணத்தில் வீடு கட்டிப் புதுமனைப் புகுவிழாவும் நடத்திவிட்டு, சாவியை மட்டும் வேறொருவரிடம் கொடுப்பதை எங்களால் ஏற்க முடியாது.

திருவனந்தபுரத்தில் நடந்ததைப் பாருங்கள். 2019 ஏலத்தில் ஒரு பயணிக்கு 168 ரூபாய் தருவதாக அதானி குழுமம் கேட்டது. கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் கேட்டது 135 ரூபாய். வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்திருந்தால் அதே தொகைக்கு எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை கேரளத்துக்குக் கிடைத்திருக்கும். அது தவறியது, வழக்கும் தோற்றது, 2021 அக்டோபரில் நிலையம் 50 ஆண்டுக்குக் கைமாறியது. உள்நாட்டுப் பயணி புறப்படும்போது கட்டும் பயனர் கட்டணம் 2024 ஜூலையில் 506 ரூபாயிலிருந்து 770 ஆனது. வந்து இறங்குபவருக்கும் புதிதாகக் கட்டணம் விழுந்தது. இதற்கெல்லாம் விமான நிலையக் கட்டண ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி உண்டு, சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் ஏலத்தில் யார் எவ்வளவு கூட்டிக் கேட்டாலும், கடைசியில் பணம் வருவது பயணியின் பையிலிருந்துதான்.

நாங்கள் கேட்கும் மாதிரி பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கொச்சி சர்வதேச விமான நிலைய நிறுவனம் 1994இல் பதிவானது. வி.ஜே. குரியன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முன்னின்று நடத்தினார். வெளிநாட்டு மலையாளிகளிடம் கேட்ட பணம் முதலில் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. மத்திய அரசின் நிதி நிறுவனமான ஹட்கோ கடன் கொடுத்துத் தூக்கிவிட்டது. 1999 மே 25 அன்று நெடும்பாசேரியில் நிலையம் திறந்தது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு அங்கே வேலையும் டாக்சி அனுமதியும் கிடைத்தன. இன்று கேரள அரசிடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது, முதலமைச்சர் தலைவர், பங்குதாரர்கள் பல ஆயிரம் பேர், அவர்களில் வெளிநாடுவாழ் மலையாளிகள் ஏராளம். 2015இல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் விமான நிலையமானது. 2023-24இல் லாபம் 400 கோடியைத் தாண்டி, பங்குதாரருக்கு 45 சதவீத ஈவு கொடுத்தது. மஸ்கட்டில் மேஸ்திரி வேலை பார்க்கும் ஒருவர் தன் ஊர் விமான நிலையத்தின் பங்குதாரராகவும் இருக்கலாம் என்றால், அதிராம்பட்டினத்துக்காரர் ஏன் அப்படி இருக்கக் கூடாது?

கொச்சியிலும் குறை உண்டு. தகவல் உரிமைச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்று அந்த நிறுவனம் வழக்காடியது. கேரள உயர் நீதிமன்றம் 2022இல் அதை ஏற்கவில்லை. எங்களுக்கு அதில் பாடம் இருக்கிறது. திருச்சி நிறுவனத்தின் அமைப்பு விதிகளிலேயே தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும் என்று எழுதிவிட வேண்டும்.

நகரமே விமான நிலையத்தை வைத்திருப்பது உலகத்துக்குப் புதிதல்ல. லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ, அட்லாண்டா நகரங்களின் பெரிய நிலையங்கள் அந்தந்த மாநகராட்சிக்குச் சொந்தம். லாஸ் ஏஞ்சலஸில் மேயர் நியமித்து நகரமன்றம் ஒப்புதல் தரும் ஏழு பேர் கொண்ட ஆணையம் மேற்பார்வை செய்கிறது. அங்கே ஒரு கட்டுப்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்தது: விமான நிலையம் ஈட்டும் பணத்தை நகரத்தின் வேறு செலவுக்குத் திருப்ப மத்தியச் சட்டம் விடாது. இங்கிலாந்தின் மான்செஸ்டரிலோ பத்து உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்து பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கின்றன. ஈவுத்தொகை அவர்களின் வரவு செலவுக் கணக்கில் போய்ச் சேரும். கொரோனா வந்தபோது ஈவு நின்றது மட்டுமல்ல, மன்றங்களே பணம் போட்டு நிலையத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அதனால்தான் திருச்சி மாநகராட்சி தனியாக முழு உரிமை ஏற்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. குடிநீர்க் குழாய்க்கும் குப்பைக்கும் நிதி தேடி அலையும் உள்ளாட்சியின் தலையில் ஓடுபாதையையும் ஏற்றுவது நியாயமல்ல. ஆனால் இயக்குநர் குழுவில் அதற்கு இடம் வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, புதுக்கோட்டை மாவட்டங்களின் உள்ளாட்சிகளுக்கும் சுழற்சி முறையில் ஓரிடம் வேண்டும். பங்குதாரர் தேர்ந்தெடுக்கும் இயக்குநர்களும் இருக்க வேண்டும். பொது நிறுவனம் என்ற பெயரில் ஆளும் கட்சிக்காரர் வாரியத் தலைவராகிக் கார் வாங்கிக்கொள்ளும் கதை எங்களுக்கும் தெரியும். தனிநபர் வாங்கும் பங்குக்கு உச்சவரம்பு, ஒவ்வோர் ஆண்டும் தமிழில் வெளியாகும் கணக்கு, லாபத்தில் முதல் பங்கு நிலையத்தின் விரிவாக்கத்துக்கே என்ற விதி ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த மாதிரியை நாங்களே ஆதரிக்க மாட்டோம்.

நிலத்தின் கணக்கு தனி. விரிவாக்கத்துக்கு மாநில அரசு எடுத்துக் கொடுப்பது நம் மக்களின் நிலம். தனியாருக்குச் சொத்து போகுமுன் அந்த நில மதிப்பு மாநிலத்தின் பங்காக மாற வேண்டும், அல்லது வருவாயில் பங்கு தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022இல் கொள்கை முடிவு அறிவித்தது. அது சரியான முடிவு. ஆனால் பங்கு என்று கேட்டபிறகு நிர்வாகத்திலும் இடம் கேட்க வேண்டாமா?

உரிமையாளர் மாறினால் எல்லாம் மாறிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு இந்திய விமான நிலைய ஆணையத்திடமே இருக்கும். பாதுகாப்பு மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம். சுங்கமும் குடியேற்றமும் மத்திய அரசிடம். அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 29ஆம் இனம் விமான நிலையங்களை மத்திய அரசிடம் வைத்திருக்கிறது. வளைகுடா நாட்டு விமான நிறுவனங்கள் திருச்சியில் இறங்க வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையும் இரு நாட்டு விமானச் சேவை ஒப்பந்தத்தில் சிக்கிக் கிடக்கிறது. ஆனால் அந்தக் கதவைத் தட்ட, டெல்டாவின் குரலோடு பேசும் ஒரு நிர்வாகம் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. காய்கறி, பழம், பூ ஏற்றும் சரக்குப் பகுதியில் குளிர்பதன இடம் எவ்வளவு, கூட்டிச் செல்ல வரும் குடும்பங்கள் நள்ளிரவில் எங்கே உட்காருவது, வேன் நிற்கக் கட்டணம் என்ன என்பதெல்லாம் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. கஜா புயலில் தென்னையை இழந்த பிறகு எங்கள் பகுதியில் வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பி நின்ற வீடுகள் எத்தனையோ. அந்த வீட்டுக்காரர்கள்தான் இந்த நிலையத்தின் வாடிக்கையாளர்கள்.

ஏல அறிவிப்பு வருமுன் தமிழ்நாடு அரசு இந்த நிறுவனத்துக்கான வரைவைத் தயாரித்து மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடம் கொடுக்க வேண்டும். டெல்டா மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாடில்லாமல், அதில் கையெழுத்திட வேண்டும். வரைவு வெளியானால் பட்டுக்கோட்டையில் பொதுக்கூட்டம் போட்டு, பங்கு வாங்க விரும்புவோரின் பெயரை எழுதிக்கொள்ளும் பொறுப்பை எங்கள் அமைப்பு ஏற்கும்.