தெரிந்த பாடத்தில் ஏன் புள்ளி குறைகிறது?



மண்ணரிப்பு, நீர் மாசடைதல், நைதரசன் வட்டம். சாதாரண தர விஞ்ஞானத்தில் வரும் இந்தச் சுற்றாடல் பாடங்கள் நம் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. மழைக்காலத்தில் மலைக் கானில் மண் கரைந்து ஓடுவதைப் பார்த்தே வளர்கிறார்கள். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை எந்தத் தோட்டமும் மறக்கவில்லை. ஆனாலும் இந்தப் பகுதியில் புள்ளி இழக்கிறார்கள். பிள்ளைக்கு மூளையில்லை என்று பேசுவதை நாம் நிறுத்த வேண்டும். விடைத்தாள் எப்படித் திருத்தப்படுகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

திருத்துபவரின் கையில் புள்ளி வழங்கும் திட்டம் இருக்கும். பக்கம் நிறைய எழுதியதற்குப் புள்ளி கிடையாது. கேட்ட கருத்து இருந்தால் மட்டுமே புள்ளி. 'மலைச்சரிவில் மரம் வெட்டினால் மண்ணரிப்பு கூடுவது ஏன்?' என்று கேட்டால், 'மரம் இல்லாவிட்டால் மண் போய்விடும்' என்பது கேள்வியைத் திருப்பிச் சொல்வதுதான். மழைத்துளி நேரே மண்ணைத் தாக்குகிறது, மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை, நீர் ஊறாமல் மேலால் வேகமாக ஓடுகிறது என்று தனித்தனியாக எழுத வேண்டும். 'இரண்டு தருக' என்றால் இரண்டே போதும். நான்கு எழுதினால் நேரம்தான் வீண்.

முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஒன்றையும் வெறுமையாக விடக் கூடாது. இரண்டாம் பத்திரத்தில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கும் கட்டாயம். கட்டுரை வினாக்கள் ஐந்தில் மூன்று செய்தால் போதும். 75க்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ். 34 எடுத்த பிள்ளைக்குச் சித்தியில்லை. 49 எடுத்த பிள்ளைக்குத் திறமைச் சித்தியில்லை. ஒரே ஒரு புள்ளி, உயர்தர விஞ்ஞானப் பிரிவின் கதவை மூடிவிடக் கூடும்.

பெற்றோரும் உதவலாம். உரம் போட்ட மறுநாள் பெருமழை பெய்தால் உரம் எங்கே போகும் என்று மலையில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தெரியும். அது நீர்நிலையில் சேர்ந்து அல்கா பெருகுவதைப் புத்தகம் நற்போசணையாக்கம் என்கிறது. அம்மாவுக்குத் தெரிந்ததோடு புத்தகத்தின் சொல்லையும் பிள்ளை சேர்த்து எழுதினால் புள்ளி கிடைக்கும்.

புள்ளிக்காகப் படிப்பதா என்று சிலர் கேட்பார்கள். நகரத்துப் பிள்ளை டியூஷன் வகுப்பில் இதைத்தான் காசு கொடுத்துப் படிக்கிறது. நம் பிள்ளைக்கு மட்டும் அது ஏன் கிடைக்கக் கூடாது?

ஆகவே, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் கடந்தகால விஞ்ஞான வினாத்தாள்களையும் புள்ளி வழங்கும் திட்டங்களையும் வாங்கிப் பிள்ளைகளுக்குப் பொதுவாக வைக்க வேண்டும். சம்பளப் பேச்சுக்குக் காட்டும் அதே உறுதியோடு, தோட்டப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பும்படி மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் சங்கம் கேட்க வேண்டும். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள்.