மோதலைப் பெருக்கும் கலை

ஜெனீவா நகருக்கு அருகே, 27 கிலோமீட்டர் சுற்றளவில், பூமிக்கடியில் அமைந்துள்ள மாபெரும் துகள் முடுக்கியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பிரம்மாண்டத்தையும் சக்தியையுமே வியந்து பேசுகிறார்கள். அந்தச் சக்திக்குப் பயன் விளைவிப்பது விநாடிக்கு எத்தனை மோதல்கள் நிகழ்கின்றன என்னும் கணக்கே என்பதை நினைப்பவர் சிலரே. 2012-இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகள் ஏறக்குறைய நூறு கோடி மோதல்களுக்கு ஒன்றில்தான் தோன்றுகிறது என்றால், மோதல்கள் அருகிய யந்திரத்தில் எவ்வளவு சக்தி இருந்தென்ன?

எதிரெதிரே விரையும் கற்றைகளின் ஒவ்வொரு கொத்திலும் பதினாயிரம் கோடிக்கு மேற்பட்ட புரோட்டான்கள் இருந்தும், இரு கொத்துகள் ஒருமுறை சந்திக்கையில் மோதுபவை சில பத்து ஜோடிகளே. ஏனையவை ஒன்றையொன்று தீண்டாமலே கடந்துவிடுகின்றன. ஆகவே துகள்களை இன்னும் நெருக்கமாகத் திரட்டுவதே இத்துறையின் பரம சாதனையாகும்.

இதற்கு உத்தம உதாரணம் ஹாலந்து தேசத்துப் பொறியாளர் சைமன் வான் டெர் மீர். அரிதில் கிடைக்கும் எதிர்ப்புரோட்டான்கள் தாறுமாறாகச் சிதறி ஓடுவதை வளையத்தின் ஓரிடத்தில் அளந்து, அச்செய்தியைக் குறுக்கு வழியே மறுபக்கத்துக்கு முன்னதாக அனுப்பி, அவை அங்கே வந்து சேரும்போது மின்னதிர்வால் நெறிப்படுத்தும் உபாயத்தை அவர் வகுத்தார். அந்த உபாயம் இல்லையேல் 1983-இல் டபிள்யூ, இசட் என்னும் அடிப்படைத் துகள்கள் வெளிப்பட்டிரா. அடுத்த ஆண்டு நோபல் பரிசு, அத்துகள்களைத் தேடும் பணிக்குத் தலைமை தாங்கிய கார்லோ ரூபியாவுக்கும் வான் டெர் மீருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது முற்றிலும் நியாயமே.

இன்று, முதலில் கூறிய ஜெனீவா யந்திரத்தில், நையோபியம்-வெள்ளீயக் கலவையாலான வலிய காந்தங்களைக் கொண்டு கற்றையை மேலும் குறுக்கவும், சாய்ந்து சந்திக்கும் கொத்துகளை நேருக்கு நேர் திருப்பவும் வேலை நடக்கிறது. ஆதியில் திட்டமிட்டதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட மோதல் வீதத்தை எட்டுவதே இலக்கு. ஒரே சந்திப்பில் நூற்றுக்கு மேற்பட்ட மோதல்கள் குவிந்தால் அவற்றைப் பிரித்தறிவது கடினம் என்று சிலர் ஆட்சேபிப்பது உண்மையே. ஆயினும் அக்கடினமே உணர்கருவிகளை நுட்பமாக்கத் தூண்டுகிறது.

91 கிலோமீட்டர் வளையம் ஒன்றை அமைப்பது குறித்து ஆலோசனைகள் நடைபெறும் இக்காலத்தில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: யந்திரம் எவ்வளவு பெரிதாயினும், கற்றையைச் செம்மைப்படுத்தும் பொறியாளரின் உழைப்பில்லாமல் அது பலன் தராது, ஆதலால் புதியதைக் கண்டவருக்குத் தரும் கௌரவத்தையும் பொருளுதவியையும் அக்காட்சிக்கு வழிவகுத்தவருக்கும் குறைவின்றித் தருவது அரசுகளின் கடமை.