அவங்க எங்க ஸ்டாஃப் இல்ல

“ஏஜென்சிகிட்ட விட்டதுல இருந்துதான் ஆஸ்பத்திரி பளபளன்னு இருக்குது.” ஆம்பூர் பக்கத்து மாதனூர் டீக்கடையிலும் இதைக் கேட்டிருக்கிறேன், நன்றாகப் படித்தவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். துப்புரவு, காவல், சலவை, சமையல், ரத்தப் பரிசோதனை, டயாலிசிஸ் என எதுவானாலும் அதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுத்துவிட்டால் செலவு குறையும், தரம் கூடும், டாக்டர்கள் வைத்தியத்தை மட்டும் கவனிக்கலாம் என்று நாம் நம்புகிறோம். துப்புரவு விஷயத்தில் இந்த நம்பிக்கை முழுக்கத் தவறு. மருத்துவமனைகள் அந்த வேலையை வெளியே கொடுப்பதற்கு முதல் காரணம், வேலை செய்கிறவரின் பொறுப்பைக் கைகழுவிவிடலாம் என்பதுதான்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் விடிகாலை பஸ் பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறார். பதினோரு வருடமாக அதே வார்டு, அதே மாப்பு, அதே பினாயில் வாடை. கழுத்தில் தொங்கும் அட்டை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது; இப்போது இருப்பது நான்காவது கம்பெனி. ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் அவர் புது ஆள். பணிக்கொடை கிடைக்கப் பொதுவாக ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் எந்தக் கம்பெனியும் அங்கே நின்றதில்லை. தொழில் தெரிந்த நிறுவனம் என்கிறார்களே, எந்தக் கழிவறையில் தண்ணீர் அடைத்துக்கொள்ளும் என்று புது சூப்பர்வைசருக்குச் சொல்லிக்கொடுப்பதே இந்த அக்காதான்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். நேரடியாக வேலைக்கு வைத்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. போன்றவைதான். ஏஜென்சி வழியாக வந்தால் இவற்றுக்கு மேல் ஏஜென்சியின் கமிஷன், அத்தனைக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், கட்டிய இந்த வரியைத் தனியார் மருத்துவமனை கழித்துக்கொள்ளவும் முடியாது. இவ்வளவு கூடுதல் சுமைக்குப் பிறகும் மிச்சமாகிறது என்றால், அது யார் மடியிலிருந்து வருகிறது? ஐந்து பேர் வேலையை மூன்று பேர் செய்கிறார்கள். வருட உயர்வு கிடையாது. லீவு போட்டால் கூலி போச்சு.

தோல் தொழிலோடு வாழும் நமக்கு இது புதிதல்ல. ஆம்பூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் அப்பர் எனும் மேல்பாகத்தைத் தைக்கும் பெண்களைப் பாருங்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இடைத்தரகர் பை பையாகக் கொண்டுவந்து போடுவார், எண்ணி எடுத்துப்போவார். அந்த ஷூ கப்பலேறி ஐரோப்பா போகும். தைத்தவள் பெயர் கம்பெனியின் எந்த நோட்டிலும் இருக்காது. ஜாப் ஒர்க் என்று நாம் பழகிப்போன அதே ஏற்பாடுதான் வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு வார்டுக்குள் வந்திருக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் இன்னொரு நியாயம்: துப்புரவு மருத்துவமனையின் மையப் பணி இல்லையாம். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெருக்குவதையும் துடைப்பதையும் கழிவு அகற்றுவதையும் மையமல்லாத வேலைகள் பட்டியலில் வைத்திருக்கிறது. ஷூ கம்பெனிக்கு அது பொருந்தலாம். அறுவைக் காயத்தோடு ஒருவர் படுத்திருக்கும் அறையில் தரையும் கட்டில் கம்பியும் சுத்தமாக இருப்பது வைத்தியத்தின் பாதி. இங்கிலாந்தில் 126 மருத்துவமனை அறக்கட்டளைகளின் 2010 முதல் 2014 வரையிலான தரவுகளை ஆராய்ந்தபோது, துப்புரவை வெளியே கொடுத்த இடங்களில் எம்ஆர்எஸ்ஏ என்ற, பல மருந்துகளுக்கு அடங்காத கிருமியின் தொற்று அதிகமாக இருந்தது தெரிந்தது. ஸ்காட்லாந்து அதற்கும் முன்பே, 2008-ல், அரசு மருத்துவமனைத் துப்புரவைப் புதிதாகத் தனியாருக்கு விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டது.

எல்லாவற்றையும் ஒரே மருத்துவமனை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவக் கழிவை எரிக்கும் உலை ஊருக்கு ஊர் தேவையில்லை. பொது நிலையத்துக்கு அனுப்புவதே சரி. சின்ன மருத்துவமனை எம்ஆர்ஐ கருவி வாங்கிக் கடனில் மூழ்கவும் வேண்டாம். ஆனால் நோயாளியின் கட்டிலருகே தினமும் குனிந்து நிமிர்கிறவர் அந்த மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும்.

போன வருடம் அந்த அக்கா சாதாரணக் குப்பைப் பையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி, கையுறையைத் துளைத்து விரலில் ஏறிவிட்டது. ஊசியைத் துளைபடாத வெள்ளைப் பெட்டியில்தான் போட வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடும் பொறுப்பை அதே விதி மருத்துவமனையிடம்தான் கொடுத்திருக்கிறது. அக்காவுக்கு அந்தத் தடுப்பூசி ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை. இப்படி ஊசி குத்தினால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே தொடங்கியாக வேண்டும். நர்ஸ், “உங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க” என்றார். சூப்பர்வைசர் வேறொரு மருத்துவமனையில் இருந்தார், போன் எடுக்கவில்லை. கவுன்டரில் கேட்டதற்கு, “அவங்க எங்க ஸ்டாஃப் இல்ல” என்றார்கள். கடைசியில் அக்கா தன் கைக்காசைக் கொடுத்து ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு, காலையில் தான் துடைத்த தரையிலேயே வரிசையில் நின்றார்.