பழைய காருக்கு மெருகு

பாளையங்கோட்டை நண்பர் ஒருவரிடம் அவருடைய தந்தையார் ஓட்டிய கறுப்பு அம்பாசிடர் கார் உள்ளது. அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுவிட்டது. மகளின் திருமணத்திற்குள் அதனைப் பளபளப்பாக்க எண்ணிய அவர், பாத்திரம் துலக்கும் பொடியால் பானெட்டின் விளிம்பைத் தேய்த்தார். துணியில் கறுப்பு ஏறியது. அழுக்கென்று எண்ணி மேலும் தேய்த்தார், அடிப்பூச்சு வெளிப்பட்டது!

அது அழுக்கன்று, வண்ணமே. பழைய கார்களில் வண்ணமே மேற்பூச்சு. வெயிலில் வெளுத்த மேற்படலத்தைச் சிறிதளவு நீக்கினால், அடியிலுள்ள நிறம் ஒளிரும். மெருகேற்றுவதெல்லாம் இவ்வாறு தேய்த்துக் குறைப்பதுதான். புதிய கார்களிலோ நிறத்தின்மேல் நிறமற்ற பூச்சொன்று உண்டு. அதன் கனம் ஏறத்தாழ 40 மைக்ரான், ஒரு தலைமயிரின் கனத்தில் பாதி! ஆண்டுதோறும் தேய்த்தால் எத்தனை நாள் தாங்கும்? விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியது; அங்கே காகித நாடா ஒட்டிவிட்டு, மென்மையான பாலிஷை மென்துணியால், நிழலில் தேய்க்க வேண்டும். பின்னர் மெழுகு பூசுதல் நலம்.

உப்புமிகுந்த ஆழ்குழாய் நீர் காய்ந்தால் வெண்புள்ளி விழும், உடனே துடைத்துவிடுங்கள். அதற்காகக் காரைத் தாமிரபரணிப் படித்துறைக்கு ஓட்டிச்செல்ல வேண்டா. கழுவும் எண்ணெயும் அழுக்கும் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கும் நீரிலன்றோ கலக்கின்றன! வீட்டு வாசலில் இரண்டு வாளி நீர் போதும்.

நண்பரின் கார் திருமணத்திற்கு ஓடியது. விளிம்பில் மட்டும் புதுவண்ணம். அருகில் சென்றால் நிறம் சற்று வேறுபடுகிறது.