ஊருக்கு மறுக்கப்படும் சுயாட்சி

2026 சட்டமன்றத் தேர்தலுக்குக் கட்சிகள் கூட்டணி பேசி, தொகுதி பிரித்து, வாக்குறுதிகளை அச்சிட்டுக்கொண்டிருக்கும் இந்தப் பருவத்தில், தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் உள்ள 9,624 கிராம ஊராட்சிகளுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் நடந்த தேர்தலில் வென்றவர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்தது. அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை. ஊராட்சிகளின் நிர்வாகம் ‘தனி அலுவலர்’ எனப்படும் அரசு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, அந்த ஏற்பாடு பின்னர் நீட்டிக்கவும் பட்டது. இந்த நிலைக்குப் பொறுப்பேற்க வேண்டிய கட்சியும், முன்பு இதே நிலையை உருவாக்கிய கட்சியும் இன்று வாக்குக் கேட்டு அதே ஊர்களுக்குள் வருகின்றன. உள்ளாட்சித் தேர்தலைக் குறித்த காலத்தில் நடத்துவதற்கு உறுதி தராத எந்தக் கட்சிக்கும் மாநில சுயாட்சி பற்றிப் பேசும் தார்மிக உரிமை இல்லை என்பதை வாக்காளர்கள் இந்தத் தேர்தலில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஊராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி வழங்கிய 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்வழிச் சேர்க்கப்பட்ட 243ஈ பிரிவு, ஓர் ஊராட்சியின் ஆயுள் அதன் முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகள்தாம், அதற்கு மேல் இல்லை என்றும், அந்தக் காலம் முடிவதற்குள் புதிய தேர்தல் நடத்தி முடிக்கப்பட வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. நகராட்சிகளுக்கு 74-ஆவது திருத்தம் இதே விதியை வகுத்திருக்கிறது. இது அரசின் வசதிக்கு விடப்பட்ட வழிகாட்டுதல் அன்று என்பதை 2006-இல் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வார்டு மறுவரையறை, அதாவது மக்கள்தொகைக்கு ஏற்ப வார்டுகளின் எல்லைகளைத் திருத்தி அமைக்கும் பணி, முடியவில்லை என்பதுகூடத் தேர்தலைத் தள்ளிப்போட நியாயமான காரணம் ஆகாது என்று 2022-இல் மத்தியப் பிரதேசம் தொடர்பான சுரேஷ் மகாஜன் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது.

ஆனாலும் தமிழ்நாட்டின் வரலாறு தள்ளிப்போட்டதன் வரலாறாகவே இருக்கிறது. 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றம் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது 1996-இல்தான். நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி 23 ஆண்டுகள் அதிகாரிகளின் ஆளுகையில் இருந்தது, அந்தக் காலத்தில் இரு திராவிடக் கட்சிகளும் மாறி மாறி ஆட்சி செய்தன. 1996, 2001, 2006, 2011 ஆகிய ஆண்டுகளில் தேர்தல் ஒழுங்காக நடந்ததால் அந்தப் பழக்கம் ஒழிந்துவிட்டதாகத் தோன்றியது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பை, பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தக் குறையைச் சரிசெய்ய சில மாதங்கள் போதுமானவை. அஇஅதிமுக அரசு எடுத்துக்கொண்டதோ மூன்றாண்டுகளுக்கும் மேல். ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரிலும், புதிதாகப் பிரிக்கப்பட்டவையும் அவற்றின் தாய் மாவட்டங்களுமான ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரியிலும்தான் மக்கள் வாக்களிக்க முடிந்தது. அந்த இடைவெளியில் மத்திய நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கிய மானியம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை என்ற காரணத்தால் தமிழ்நாட்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

அன்று எதிர்க்கட்சியாக இருந்த திமுக அந்தத் தவற்றைச் சரியாகவே இடித்துரைத்தது. 2019 ஜனவரியில் ஊர் ஊராக ஊராட்சி சபைக் கூட்டங்களை நடத்தியது. 2020 இறுதியில் மக்கள் கிராம சபைகளைக் கூட்டியது. உள்ளாட்சித் தேர்தலை நடத்த அஞ்சும் அரசு என்று ஆளுங்கட்சியைக் குற்றம் சாட்டியது. ஆட்சிக்கு வந்த பிறகு அதே கட்சி, தனி அலுவலர்களை நியமிக்கும் மசோதாவை 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் இடம் மாறினார்களே தவிர, கிராமத்தின் நிலை மாறவில்லை.

அரசுத் தரப்பில் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. நகரங்களை ஒட்டிய பல ஊராட்சிகள் மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் இணைக்கப்படுவதால் எல்லைகள் மாறுகின்றன என்பது ஒன்று. 28 மாவட்டங்களுக்கு ஒரு தேர்தல், மீதி ஒன்பதுக்கு இன்னொன்று என்று பிரிந்து கிடப்பதை ஒன்றாக்கிவிடலாம் என்பது மற்றொன்று. முதல் காரணம் அரசே உண்டாக்கிக்கொண்டது. ஊராட்சிகளின் பதவிக்காலம் எந்த நாளில் முடியும் என்பது ஐந்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தும், இணைப்பு அறிவிப்புகள் அந்த நாள் நெருங்கியபோதுதான் வெளிவந்தன. சொத்து வரி உயரும், நூறு நாள் வேலை போய்விடும் என்று அஞ்சிப் பல ஊர்களில் மக்கள் அவற்றை எதிர்த்துப் போராடினார்கள். அந்த எதிர்ப்பை முறையாகப் பதிவு செய்ய வேண்டிய ஊராட்சி மன்றமே அப்போது அவர்களிடம் இல்லாமல் போனது. இரண்டாவது காரணத்தை ஏற்றால், ஒன்பது மாவட்டங்களின் வசதிக்காக 28 மாவட்டங்களின் வாக்குரிமையை ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக முடக்கலாம் என்ற விந்தையான நியாயத்தையும் ஏற்க வேண்டியிருக்கும்.

இதே காலத்தில் அண்டை மாநிலமான கேரளத்திலும் வார்டு மறுவரையறை நடந்தது, அங்கும் அடுத்த சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல் வரவிருந்தது. ஆனாலும் அங்கே 2025 டிசம்பர் 9, 11 ஆகிய நாள்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்தது. 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கொரோனா பரவிய 2020-இலும்கூட, கேரளம் அந்த ஒழுங்கைக் கைவிடவில்லை. மும்பை மாநகராட்சி ஏறத்தாழ நான்காண்டுகள் மன்றம் இல்லாமல் இருந்ததையும், பெங்களூரு 2020 முதல் மாநகராட்சித் தேர்தலைக் காணாமல் காத்திருந்ததையும் எடுத்துக்காட்டித் தமிழ்நாடு ஆறுதல் தேடிக்கொள்ளலாம். ஆனால் சமூக நலத் திட்டங்களில் நாட்டுக்கே வழிகாட்டி என்று பெருமை பேசும் மாநிலம், இந்த ஒன்றில் மட்டும் பின்தங்கியவர்களோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்வது முறையாகாது.

உண்மையான காரணம் அரசியல் கணக்கில் இருப்பதாகவே தெரிகிறது. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனால் ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னத்தில் போட்டி நடக்கிறது. சட்டமன்றத் தேர்தலுக்குச் சற்று முன்னால் இப்படியொரு தேர்தலை வைத்தால், கூட்டணிக் கட்சிகளுக்கு ஆயிரக்கணக்கான இடங்களைப் பங்கிட வேண்டும். இடம் கிடைக்காத உள்ளூர் நிர்வாகிகளின் மனக்கசப்பைச் சமாளிக்க வேண்டும். சரிவு நேர்ந்தால் அதுவே ஆட்சிக்கு எதிரான தீர்ப்பாகப் பேசப்படும். இந்தச் சங்கடங்கள் கட்சியைச் சேர்ந்தவை, அவற்றின் விலையைக் கிராமம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதிகாரிகள் இருக்கிறார்களே, பணிகள் நின்றுவிடவில்லையே என்று கேட்பவர்கள், கிராம சபை நடக்கும் விதத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஊரின் வாக்காளர்கள் அனைவரும் உறுப்பினர்களாக இருக்கும் கிராம சபை, குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊராட்சித் தலைவர் இருக்கும்போது அவரே அதற்குத் தலைமை ஏற்று, வரவு செலவைப் படித்து, கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். கிராம ஊராட்சிகளுக்குத் தனி அலுவலராக இருப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். தேர்தல் நடக்காத 314 ஒன்றியங்களில் 9,624 ஊராட்சிகள் இருக்கின்றன என்றால், ஓர் அலுவலரின் பொறுப்பில் சராசரியாக முப்பது ஊராட்சிகள் வருகின்றன. ஒரே நாளில் முப்பது ஊர்களிலும் நடக்கும் கூட்டத்தில் அவர் எப்படி இருக்க முடியும்? அவருக்குப் பதிலாக வேறோர் ஊழியர் வந்து, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. குடிநீர் தொட்டியின் மோட்டார் பழுதானாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் தலைவரின் வீட்டு வாசலில் நின்று கேட்ட ஊர்மக்கள், இன்று பேருந்து ஏறி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், அங்கே அலுவலர் ஆய்வுக்குப் போயிருக்கிறார் என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கிறது. அலுவலர் திறமையற்றவர் என்பது இங்கே குற்றச்சாட்டு அன்று. அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் மேலே இருக்கிறது, ஊரில் இல்லை என்பதே குறை.

இந்த இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் நேர்வதும் இல்லை. ஊராட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடமும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடமும் சட்டப்படி உண்டு. வேறெந்த அதிகார அமைப்பிலும் இவ்வளவு பரவலான பங்கு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்தப் பங்கு எளிதில் வந்ததும் அன்று. மதுரை மாவட்டம் மேலவளவில், தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று சாதி வெறியர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு இருந்த சிலரும் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் பத்தாண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியாமல் இருந்து, அரசு உறுதியாக நின்ற பிறகு 2006-இல் நடந்தது. அந்த நினைவைப் போற்றும் வகையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாப்பட்டி கிராம சபையில் நேரில் கலந்துகொண்டார். சாதி ஆதிக்கத்தை வென்று தலைவரைப் பெற்ற அந்தப் பாப்பாப்பட்டியிலும் 2025 ஜனவரி முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. முன்பு அங்கே தேர்தலைத் தடுத்தது சாதி, இம்முறை அரசின் கோப்பு.

மாநில சுயாட்சி என்ற கோரிக்கையைத் தமிழ்நாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பி வருகிறது. மத்திய மாநில உறவுகளை ஆராய 1969-இல் ராஜமன்னார் குழுவை அமைத்த மாநிலம், 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழுவை அமைத்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் காலவரையின்றிக் கிடப்பில் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடி அதே மாதத்தில் வெற்றியும் பெற்றது. காலக்கெடு விதிப்பது பற்றி அரசமைப்பு அமர்வு பின்னர் வேறு கருத்தைச் சொன்னபோதிலும், அந்த வாதத்தின் நியாயம் குறையவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அவையை, தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் காத்திருக்க வைக்கக் கூடாது என்பதே அதன் சாரம். டெல்லியை நோக்கிச் சரியாக இருக்கும் இந்தக் கொள்கை, கோட்டையிலிருந்து கிராமத்தை நோக்கித் திரும்பும்போது மட்டும் எப்படித் தவறாகிவிடும்?

குடவோலை முறையைச் சொல்லிப் பெருமைப்படாத அரசியல் மேடை தமிழ்நாட்டில் இல்லை. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் விவரிக்கும் சபை, நிலமுடைய பிராமணர்களின் சபை. அதை இன்றைய மக்களாட்சியோடு சமமாக வைக்க முடியாது. ஆனால் வாரியம் எனப்படும் குழுக்களில் இருப்போருக்கு 360 நாள் என்று காலவரையறை செய்ததும், கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கி வைத்ததும் அந்தக் கல்வெட்டுகளில் இருக்கின்றன. பெருமை பேசுவோர் பின்பற்ற வேண்டியது அந்தக் காலவரையறையைத்தான்.

தேர்ந்தெடுக்கப்படவிருக்கும் சட்டமன்றத்துக்கு இது தலையாய சோதனை. 28 மாவட்டங்களின் நிலுவை ஒருபுறம் இருக்க, மீதி ஒன்பது மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2026 அக்டோபரிலும், மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2027 தொடக்கத்திலும் பதவிக்காலம் முடிகிறது. எனவே அடுத்த அரசு விரும்பினால், மாநிலம் முழுவதையும் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்துவிடவும் முடியும். அதைத் தடுக்க மூன்று திருத்தங்கள் தேவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன் நிர்வாக எல்லைகள் மாற்றமின்றி நிறுத்தப்படுவது போல, பதவிக்காலம் முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பே உள்ளாட்சி எல்லைகளை நிறுத்திவைத்து, அதற்குள் மறுவரையறை முடியாவிட்டால் பழைய வார்டுகளிலேயே தேர்தல் நடக்கும் என்று சட்டம் சொல்ல வேண்டும். தவிர்க்கவே முடியாத இயற்கைப் பேரிடர் நேர்ந்தாலன்றித் தனி அலுவலர் நியமனம் கூடாது. நேர்ந்தாலும் அது ஆறு மாதத்துக்கு மேல் நீட்டிக்க முடியாததாக இருக்க வேண்டும். மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்ற விதியை 2006, 2011, 2016, 2018, 2019 என்று ஆட்சியாளர்களின் வசதிக்கேற்பப் புரட்டிப்போட்ட வழக்கத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்து, ஒரே முறையை நிலையாக்க வேண்டும்.

எந்தக் கட்சியின் வேட்பாளர் வாக்குக் கேட்டு வந்தாலும், பணமும் பரிசுப்பொருளும் பற்றிய பேச்சுக்கு முன்பாக, ஊராட்சித் தேர்தல் எந்த மாதத்தில் நடக்கும் என்ற ஒரு கேள்வியை வாக்காளர்கள் கேட்க வேண்டும். மாதத்தைச் சொல்லத் தயங்குபவர் வாக்குக்குத் தகுதியானவர் அல்லர்.