நஞ்சும் தூது சொல்லும்

எங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்து வாசலைக் கடக்கும்போது வரலாற்று வகுப்பு நண்பர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செய்யும் வேலை அது. உப்பில் உள்ள உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் வாயு, கொடிய நஞ்சு என்று இரண்டு வரி எழுதி அந்தப் பாடத்தை மூடிவிடுகிறோம். அது போதாது என்பதே என் வாதம்.

ஏனெனில் அதே வாயுவை நம் உடலும் இம்மியளவு உண்டாக்கிக்கொள்கிறது. மூளையில் பிராணவாயு குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரிந்து கூடுதல் இரத்தம் விடவேண்டும். குறைந்துவிட்டது என்று குழாய்க்கு யார் சொல்வது? 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் இதற்கு ஒரு விடை கண்டார்கள். மூளையிலுள்ள ஒரு நொதி, பிராணவாயுவைக் கொண்டு கார்பன் மோனாக்சைடைச் சிறிதளவு ஆக்குகிறது. அது, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆக்கும் இன்னொரு நொதியை அடக்கிவைக்கிறது. பிராணவாயு குறைந்தால் கார்பன் மோனாக்சைடும் குறைகிறது, பிடி தளர்கிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு பெருகிச் சிறு தமனிகள் விரிகின்றன. மடை திறக்க வந்தவனை மறித்து நின்ற ஆள் விலகிக்கொண்டது போலத்தான்! இரண்டுமே நாம் விஷம் என்று மனப்பாடம் செய்தவை. (குழாயைத் தளர்த்தும் இன்னொரு வாயுவான நைட்ரிக் ஆக்சைடைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு 1998இல் நோபல் பரிசே கிடைத்தது.)

இனி நம் ஊருக்கு வருகிறேன். சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகளின் கழிவுநீர் தேங்கும் இடங்களில் இந்த நாற்றம் நமக்குப் பழக்கமானதே. “நாத்தம் நின்னுபோச்சு, எறங்கலாம்” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாயு மிகுந்தால் முதலில் மரத்துப்போவது மூக்கு! காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு சேர்ந்தாலே போதும், சில நிமிடங்களில் நாற்றம் தெரியாமல் போகும். அளவு இன்னும் ஏறினால், செல்லுக்குள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் நொதியே முடங்கும். அப்போது குழாய் விரிந்து என்ன பயன்? இரத்தம் வந்து சேர்ந்தாலும் அது கொண்டுவந்த பிராணவாயுவைச் செல்லால் பயன்படுத்த முடியாது. தொட்டியில் விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறாரே, அவரையும் நொடியில் சாய்ப்பது இதே வாயுதான்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். சேகோ ஆலைக் கூலியில்தான் என் விடுதிச் செலவு நடக்கிறது. வேதியியல் துறை நஞ்சு என்கிறது. விலங்கியல் பாடத்தில் இதன் பெயரே இல்லை. இரு துறையும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை கூட்டுகிறோம், மரம் நடுகிறோம், நல்லதுதான். இந்த ஆண்டு ஒரு மாலைப் பொழுதை ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒதுக்கி, நாற்றம் நின்ற தொட்டியில் ஏன் இறங்கக்கூடாது என்பதைத் தமிழில் சொல்வோம். பேச நான் வருகிறேன்.