இருதயம் துடிக்கும் பலகை

"உங்கள் வீட்டில் லினக்ஸ் இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால், "இல்லையே, போன மாதமே தீர்ந்துவிட்டதே!" என்று பதில் சொல்லக்கூடிய குடும்பத் தலைவிகள் உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. இருப்பதே தெரியாமல் இருப்பதுதான் அதன் சுபாவம். கூடத்திலுள்ள புது மாதிரி டெலிவிஷன், மூலையில் கண் சிமிட்டிக் கொண்டிருக்கும் இண்டர்நெட் பெட்டி, கையிலுள்ள ஆண்ட்ராய்டு போன் என்று பலவற்றின் வயிற்றுக்குள்ளும் உட்கார்ந்து வேலை பார்ப்பது அதுதான். 1991-ல் பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் பொழுதுபோக்காக ஆரம்பித்த காரியம். 2021 ஏப்ரல் 19-ம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் எழும்பிப் பறந்ததே ஒரு சின்னஞ்சிறு ஹெலிகாப்டர், அதற்குள்ளும் இந்த லினக்ஸ்தான் இருந்தது.

இப்படி யந்திரத்துக்குள்ளே, பலாச்சுளைக்குள் கொட்டை போலப் பொதிந்து கிடக்கும் லினக்ஸுக்கு 'எம்பெடட் லினக்ஸ்' என்று பெயர். என்ஜினீயரிங் படிக்கும் நம் பெண்களும் பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பலகையை வாங்கியும் விடுகிறார்கள். அப்புறம்தான் சங்கடம். முதல் நாள் சாயங்காலம் மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். பலகை வாயைத் திறப்பதில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அது அலமாரிக்குள் போய்விடுகிறது. பலகையோடு, "இது நமக்கு வராது" என்ற எண்ணமும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. பலகை போனால் போகட்டும். அந்த எண்ணம்தான் பொல்லாதது.

"ஏண்டி, இவ்வளவு பணம் கொட்டி வாங்கினாயே, ஏன் அப்படியே கிடக்கிறது?"

"அது செத்துப் போய்விட்டது, அம்மா."

"செத்துப் போய்விட்டதென்று யார் சொன்னது? நாடி பிடித்துப் பார்த்தாயா?"

அம்மா கேட்டது வேடிக்கைக்காக. ஆனால் இந்த வித்தையில் முதற்பாடமே அந்த நாடி பார்ப்பதுதான்.

உதாரணத்துக்குப் 'பீகிள்போன் பிளாக்' என்ற பலகையை எடுத்துக்கொள்வோம். கற்றுக்கொள்வதற்கு வெகு பாங்கானது. 2013 ஏப்ரலில் அமெரிக்காவில் 45 டாலருக்கு வெளிவந்தது. நீளம் 86 மில்லி மீட்டர், அகலம் 53; ரேஷன் ஸ்மார்ட் கார்டை மேலே வைத்தால் கிட்டத்தட்ட மூடிவிடும். அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டர் அடங்கியிருக்கிறது: 1 கிகா ஹெர்ட்ஸ் வேகமுள்ள பிராசஸர், 512 மெகாபைட் ஞாபக சக்தி. ஓரத்தில் நான்கு பொடி விளக்குகள் உண்டு. முதல் விளக்கு 'லப்-டப், லப்-டப்' என்று இருதயம் போலவே இரண்டிரண்டாகத் துடிக்கும். அது துடித்தால் லினக்ஸ் விழித்துவிட்டது என்று அர்த்தம். துடிக்காவிட்டால்?

துடிக்காவிட்டால் பலகையிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு ஒயர் விற்கிறது. ஒரு முனை உங்கள் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துவாரத்தில்; மறுமுனை பலகையில் ஆறு ஊசிகள் வரிசையாக நிற்கும் இடத்தில். 'சீரியல் ஒயர்' என்று கேட்டு வாங்குங்கள்; '3.3 வோல்ட்' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கடைக்காரர் "5 வோல்ட்டும் இதுவும் ஒன்றுதான், அம்மா" என்று சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பலகையின் ஊசிகள் 5 வோல்ட்டைத் தாங்கமாட்டா. அப்போதுதான் அது நிஜமாகவே செத்துப் போகும். ஆறு ஊசிகளில் முதலாவதன் பக்கத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும். கறுப்பு ஒயர் அங்கே சேர வேண்டும். தனித்தனி ஒயராக மாட்டுகிறவர்கள், ஒரு பக்கத்துப் பேசும் ஒயரை மறு பக்கத்துக் கேட்கும் ஊசியில் மாட்டுவது அவசியம். ஒருவர் வாயை இன்னொருவர் காதில் வைத்தால்தானே சம்பாஷணை நடக்கும்?

கம்ப்யூட்டரில் 'புட்டி' அல்லது 'மினிகாம்' என்ற சிறு புரோகிராமைத் திறந்து, வேகம் 1,15,200 என்று குறித்துவிட்டுப் பலகைக்கு மின்சாரம் கொடுங்கள். ஊமை என்று நினைத்த பலகை பேசத் தொடங்கும். சும்மாவா பேசுகிறது! வரி வரியாகக் கொட்டித் தீர்த்துவிடும்.

அது என்ன பேசுகிறது என்று புரிந்துகொள்ள, பலகை எப்படித் தூக்கம் கலைகிறது என்று தெரிய வேண்டும். பெரிய குடித்தனம் விடியற்காலையில் விழிப்பது போலத்தான். முதலில் எழுந்திருப்பவன் சில்லுக்குள்ளேயே தொழிற்சாலையில் பதித்துவிட்ட ஒரு குட்டிப் புரோகிராம். அவனுக்கு அதிகம் தெரியாது; இருட்டில் தடவிப் பார்த்து அடுத்த ஆளை எழுப்பத் தெரியும், அவ்வளவுதான். அடுத்த ஆளின் பெயர் எம்.எல்.ஓ. அவர் உருவம் சுமார் 100 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். ஏனென்றால் பெரிய ஞாபக அறை அந்த நேரத்தில் இன்னும் திறக்கப்படவில்லை. சில்லுக்குள் இருக்கும் திண்ணையிலேதான் அவர் உட்கார்ந்தாக வேண்டும். பெரிய அறையைத் திறப்பதே அவர் உத்தியோகம். திறந்ததும் யு-பூட் வருவார். ஜெர்மனியில் வோல்ஃப்காங் டெங்க் என்பவர் வளர்த்த பிள்ளை. 2002-ல் இந்தப் பெயர் வந்தது. ஜெர்மன் பாஷையில் யு-பூட் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். கம்ப்யூட்டரைக் கிளப்புவதற்கும் 'பூட்' என்றே பெயர். என்ஜினீயர்களின் ஹாஸ்யம் இந்த மட்டில்தான் இருக்கிறது! யு-பூட், லினக்ஸின் மையமான கெர்னலைத் தூக்கி வந்து உட்கார்த்துகிறது. கெர்னல்தான் வீட்டு எஜமானி. அவள் எழுந்து வந்து உக்கிராண அறையைத் திறந்து, சாமான்களை எடுத்துக்கொடுத்து, மற்றவர்களை வேலைக்கு ஏவுகிறாள். அந்த உக்கிராண அறைக்கு 'ரூட் ஃபைல் ஸிஸ்டம்' என்று பெயர்.

இந்த நாலு பேரும் யார் யார் என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போயிற்று. பலகை எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறதோ, அந்த ஆளிடம்தான் கோளாறு. திரையில் 'சி' என்ற ஆங்கில எழுத்து மட்டும் சில விநாடிக்கு ஒரு தரம் சி... சி... சி... என்று வந்துகொண்டிருந்தால், முதல் ஆள் எழுந்துவிட்டான், அடுத்த ஆளைக் காணாமல் ஒயர் வழியாகவாவது யாராவது அனுப்புவார்களா என்று கூப்பிடுகிறான் என்று பொருள். பலகை நலம், எழுதிய மெமரி கார்டில்தான் தப்பு. யு-பூட் வரையில் வந்து நின்றால், கெர்னல் இருக்கும் இடம் அவருக்குத் தெரியவில்லை. கெர்னல் நூறு வரி பேசிவிட்டுக் கடைசியில் 'கெர்னல் பானிக்' என்று அலறினால் கதிகலங்க வேண்டாம். எஜமானி எழுந்துவிட்டாள், உக்கிராணத்தைக் காணவில்லை என்பதுதான் அநேகமாக விஷயம். அந்த வரியிலேயே 'ரூட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பயங்கரமான பெயருள்ள இந்தக் கோளாறு உண்மையில் பரம சாது. முக்கால் தூரம் வந்தாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி.

இன்னொன்று. இந்தப் பலகைக்குள்ளேயே ஒரு லினக்ஸை வைத்துத்தான் விற்கிறார்கள். நாம் மெமரி கார்டில் வேறொன்றை எழுதிச் செருகினாலும், அது பாட்டுக்குப் பழையதையே எழுப்பிக்கொண்டு நிற்கும். கார்டுக்கு அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால்தான் கார்டைப் பார்க்கும். 'ரீஸெட்' பொத்தானைத் தட்டிப் பிரயோஜனம் இல்லை. மின்சாரத்தையே எடுத்துவிட்டு மறுபடியும் கொடுக்க வேண்டும். இது தெரியாததால் மட்டும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பாழாகின்றன.

விழித்துவிட்டதா? இனி விளையாட்டு. லினக்ஸ் உலகத்தில் விளக்குக்கூட ஒரு ஃபைல்தான். 'ஸிஸ்' என்ற கட்டுக்குள், 'கிளாஸ்' என்ற கட்டுக்குள், 'லெட்ஸ்' என்ற கட்டில் நாலு விளக்குகளுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. முதல் விளக்கின் 'டிரிக்கர்' என்ற ஃபைலில் 'நன்' என்று எழுதினால் இருதயம் நின்றுவிடும். 'ஹார்ட்பீட்' என்று எழுதினால் திரும்பத் துடிக்கும். (விளக்கின் பெயரில் 'கிரீன்' என்று இருக்கும், பலகையிலோ விளக்கு நீலமாக எரியும். பெயரில் என்ன இருக்கிறது, விட்டுத் தள்ளுங்கள்.) ஒரு வார்த்தை எழுதி ஒரு விளக்கை அணைத்த பெண், நாளைக்கு மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கொடுப்பாள். வழி அதேதான், நடுவில் ஒரு ரிலே வேண்டும், மின்சாரம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு மேல் போனால், சொந்தமாகவே ஒரு லினக்ஸ் சமைக்கலாம். மேஜைக் கம்ப்யூட்டருக்கென்று தயாரித்த புரோகிராம் இந்தப் பலகையில் ஓடாது. இரண்டின் பாஷையும் வேறு. ஆகவே பெரிய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பலகையின் பாஷையில் தயாரித்து அனுப்ப வேண்டும். 'பில்ட்ரூட்' என்ற இலவச சாதனம் இதைச் செய்து கொடுக்கும். இந்தப் பலகைக்கு ஏற்ற அளவுகள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. 'யாக்டோ' என்று இன்னொன்றும் உண்டு. கம்பெனிகளுக்கு அது சரி. முதல் வருஷத்தில் கிட்டே போகாமல் இருப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். பில்ட்ரூட்டுக்குக் கட்டளை கொடுத்துவிட்டு அடுப்படி வேலையைக் கவனிக்கப் போகலாம். முதல் தடவை அவ்வளவு நேரம் பிடிக்கும்.

இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் வெடுக்கென்று ஒயரைப் பிடுங்கிவிட்டு எழுந்திருக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். லினக்ஸ் எதையாவது கார்டில் பாதி எழுதிக்கொண்டிருக்கும். நடுவில் பறித்தால் உக்கிராணமே சிதறிப் போகலாம். 'ஸூடோ பவர்ஆஃப்' என்று அடித்துவிட்டுச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். இருதய விளக்கு நிற்கும், மற்ற விளக்குகளும் ஒவ்வொன்றாக அணையும். அதற்குள் ரசம் ஒன்றும் ஆறிப் போகாது.